'பாய்ஸ் ஒன்லி' என்று ஃபார்வர்டு செய்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளின் முதல்வர்களுக்கும் வேலைவாய்ப்பு அலுவலர்களுக்கும்,

"மெக், ட்ரிபிள் ஈ. 60% த்ரூஅவுட். நோ ஸ்டாண்டிங் அரியர்ஸ். பாய்ஸ் ஒன்லி." இறுதியாண்டு மாணவர்களின் வாட்ஸாப் குழுக்களில் இந்த ஆண்டும் இப்படி அறிவிப்புகள் வந்துகொண்டிருக்கின்றன. எழுதியது நிறுவனம்தான். ஆனால் மாணவிகளின் கைப்பேசி வரை அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தது உங்கள் அலுவலகம். அதனால் இந்த மடல் நிறுவனங்களுக்கு அல்ல, உங்களுக்கு. அவர்கள் எதை வேண்டுமானாலும் கேட்பார்கள். பட்டியலை எப்படி அனுப்புவது என்பது உங்கள் முடிவு.

நாங்கள் மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், சிவில் துறைகளில் பாடம் நடத்துபவர்களும், ஆலையிலும் சைட்டிலும் வேலை பார்ப்பவர்களும். ஒரே வகுப்பில், ஒரே சி.ஜி.பி.ஏ.வோடு வெளியேறும் இருவர் ஓராண்டு கழித்து எங்கே இருக்கிறார்கள் என்று பாருங்கள். பையன் புரொடக்‌ஷனில், மெயின்டனன்ஸில், குவாலிட்டியில், சைட்டில் இருப்பான். பெண் ஐ.டி. சர்வீஸ் நிறுவனத்தில் டெஸ்டிங் பார்ப்பாள். அல்லது வங்கித் தேர்வுக்குப் படிப்பாள். அல்லது தான் படித்த கல்லூரியிலேயே லேப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஐ.டி. வேலை தாழ்ந்தது என்று நாங்கள் சொல்லவில்லை. விரும்பிப் போகிறவர்கள் போகட்டும். "பொண்ணுங்களுக்கு கோர் (படித்த பிரிவைச் சேர்ந்த வேலை) இன்ட்ரஸ்ட் இல்ல சார்" என்று துறைக் கூட்டங்களில் சொல்லப்படும் வாக்கியத்தைத்தான் எங்களால் ஏற்க முடியவில்லை. ஆர்வத்தைக் கேட்பதற்கு முன்பே வடிகட்டல் முடிந்துவிடுகிறது. அது எந்தெந்த இடத்தில் நடக்கிறது என்று உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். எழுதி வைப்போம்.

முதல் வடிகட்டி கூகுள் ஃபார்ம். பெயர், பதிவு எண், பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, சி.ஜி.பி.ஏ., அரியர் எண்ணிக்கை. அவற்றோடு பாலினம் என்று ஒரு கட்டம். எக்செலில் அந்தக் கட்டத்தில் ஃபில்டர் போட ஐந்து நொடி போதும். பெண்ணின் பெயர் நிறுவனத்துக்குப் போவதே இல்லை. ஆப்டிட்யூட் தேர்வில் தோற்றால் தோற்றோம் என்றாவது தெரியும். இதில் அவளுக்குத் தேர்வே கிடையாது. சில கல்லூரிகளில் இன்னும் நாசூக்காக நடக்கும்: அறிவிப்பில் பாலினம் இருக்காது, ஆனால் ஒருங்கிணைப்பாளர் வகுப்புக்கு வந்து "கேர்ள்ஸ் அப்ளை பண்ண வேண்டாம், அவங்க எடுக்க மாட்டாங்க" என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போவார். எழுத்தில் தடயம் இருக்காது.

இரண்டாவது, உங்கள் காலண்டரும் 'ஒரு மாணவர், ஒரு வேலை' விதியும். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பெரும் எண்ணிக்கையில் ஆளெடுக்கும் ஐ.டி. நிறுவனங்கள் ஏழாம் செமஸ்டர் தொடக்கத்திலேயே வந்துவிடும். கோர் நிறுவனங்கள் பெரும்பாலும் எட்டாம் செமஸ்டரில், ஜனவரிக்குப் பிறகு, ஐந்து பேர், பத்து பேர் என்று கேட்டு வரும். முதல் ஆஃபர் கையில் வந்துவிட்டால் அடுத்த நிறுவனத்தில் உட்கார முடியாது. 'ட்ரீம் ஆஃபர்' என்று விலக்கு உண்டு. ஆனால் அந்த விலக்குக்கு அளவுகோல் சம்பளம் மட்டுமே. கையில் ஆண்டுக்கு மூன்றரை லட்சம் ஆஃபர் இருக்கிறது, ஒன்றரை மடங்கு இருந்தால்தான் ட்ரீம் என்று உங்கள் விதி சொல்கிறது என்று வையுங்கள். ஐந்தேகால் லட்சத்துக்குக் குறைந்த எந்த கோர் வேலைக்கும் அவளால் விண்ணப்பிக்க முடியாது. ஆலையில் கிராஜுவேட் எஞ்சினியர் டிரெய்னிக்கு மூன்று, மூன்றரை, நான்கு லட்சம்தான் தருகிறார்கள். கதவு மூடியாகிவிட்டது.

விதி இருபாலருக்கும் பொது என்பீர்கள். காகிதத்தில் பொதுதான். ஆனால் ஜனவரியில் தனக்கு ஒரு ஆலை வரும் என்று பையனுக்குத் தெரியும், ஐ.டி. தேர்வை அவன் தவிர்க்கலாம், காத்திருக்கலாம். தனக்கு எதுவும் வராது என்று பெண்ணுக்கும் தெரியும். மூத்த மாணவிகள் சொல்லியிருப்பார்கள். "கிடைச்சதைப் பிடிச்சுக்கோம்மா" என்று நாமே சொல்லியிருப்போம். அவள் ஆகஸ்டிலேயே கையெழுத்திடுகிறாள். அதைத்தான் பிறகு 'விருப்பம்' என்று கணக்கெழுதுகிறோம். 2022-இல் முடித்தவர்களில் ஐ.டி. ஆஃபர் லெட்டரை வைத்துக்கொண்டு சேரும் தேதிக்காக இரண்டு ஆண்டுகள் வரை காத்திருந்தவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் இங்கே நினைவுபடுத்த வேண்டும். பாதுகாப்பான வழி என்று நாம் காட்டிய வழி அது.

மூன்றாவது வடிகட்டி வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இல்லை, துறைக்குள்ளேயே இருக்கிறது. நான்கு பேர் கொண்ட புராஜெக்ட் குழுவில் பையன்கள் ஃபேப்ரிகேஷன் கடைக்குப் போவார்கள், பெண் டாக்குமென்டேஷன் செய்வாள். இன்பிளான்ட் டிரெய்னிங்கிலும் அதே கதை: பையனுக்கு மெஷின் ஷாப், பெண்ணுக்கு ஸ்டோர்ஸ் அல்லது டிசைன் ஆபீஸ். இதன் விலை நேர்முகத் தேர்வில் தெரியும். மேசையில் ஒரு பாகத்தையும் டிராயிங்கையும் வைத்து, "25 எச்7 என்று போட்டிருக்கிறதே, எதை வைத்து அளப்பாய்?" என்று கேட்பார்கள். 25.000 முதல் 25.021 மி.மீ. வரை துளை இருக்கலாம் (எச்7 குறிப்பது இந்த வரம்பைத்தான்), 0.02 மி.மீ. வரை மட்டுமே பிரித்துக் காட்டும் வெர்னியர் இதற்கு உதவாது, ஒன்றிரண்டு என்றால் துளையின் விட்டத்தை அளக்கும் போர் கேஜ், ஆயிரக்கணக்கில் என்றால் வரம்புக்குள் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் சொல்லும் கோ-நோகோ பிளக் கேஜ் என்று ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். கேஜைக் கையில் பிடித்தவர் சொல்லிவிடுவார். ரிப்போர்ட் மட்டும் டைப் செய்தவர் எச்7-க்கு வரையறை சொல்லிவிட்டு நிற்பார்.

எலெக்ட்ரிக்கலில் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரைக் கேட்பார்கள்; மோட்டாரை ஸ்டார் இணைப்பில் தொடங்கி, பிறகு டெல்டா இணைப்புக்கு மாற்றும் கருவி அது. மோட்டார் ஸ்டாரில் ஓடுகிறது, டெல்டாவுக்கு மாறவில்லை, எங்கே பார்ப்பாய்? டைமர் கான்டாக்ட் மாறுகிறதா, ஸ்டார் கான்டாக்டர் விட்டபின் அதன் என்.சி. (இயல்பில் மூடியிருக்கும்) துணைக் கான்டாக்ட் திரும்ப மூடுகிறதா, டெல்டா காயிலுக்கு சப்ளை வருகிறதா, இந்த வரிசையில் போக வேண்டும். அந்த என்.சி. இன்டர்லாக்கைப் பைபாஸ் செய்து பார்க்கலாமா என்று அடுத்த கேள்வி வரும். கூடாது, ஸ்டாரும் டெல்டாவும் ஒரே நேரத்தில் இழுத்தால் மூன்று ஃபேஸும் நேரடியாக ஷார்ட் ஆகும். பேனலைத் திறந்து ஒரு மதியம் மல்டிமீட்டரோடு உட்கார்ந்திருந்தால் போதும், இந்தப் பதில் வாழ்நாளுக்கும் மறக்காது. அந்த ஒரு மதியம் யாருக்குக் கிடைக்கிறது என்பதுதான் கேள்வி.

இதையெல்லாம் தாண்டி உள்ளே போனால் எச்.ஆர். ரவுண்டு. பையனிடம் "ஷிஃப்ட் ஓகேவா?" என்று ஒரு கேள்வி. பெண்ணிடம் "கல்யாணம் எப்போ, வீட்ல விடுவாங்களா, அப்பா என்ன சொல்வார்" என்று கிளை பிரியும். தொழில்நுட்பக் கேள்விக்கு ஒதுக்க வேண்டிய பத்து நிமிடம் குடும்ப விசாரணையில் போகும். கிளாடியா கோல்டினுக்கு 2023-இல் பொருளாதார நோபல் கிடைத்தபோது, முதல் குழந்தை பிறந்த பிறகே ஆண்-பெண் ஊதிய இடைவெளி பெரிதும் விரிகிறது என்ற அவரது ஆய்வைப் பற்றி நிறையப் பேசினோம். இங்கே முதல் சம்பளத்துக்கு முன்பே, பிறக்காத குழந்தையின் பெயரில் இடைவெளி தொடங்கிவிடுகிறது.

இனி, எல்லோரும் சொல்லும் காரணத்துக்கு வருவோம்: இரவு ஷிஃப்ட்.

2019-20 தொழிற்சாலைக் கணக்கெடுப்பின்படி இந்திய ஆலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் சுமார் 43 விழுக்காட்டினர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் பக்கம் உள்ள மின்னணு ஆலைகளில் ஆறு-இரண்டு, இரண்டு-பத்து, பத்து-ஆறு என மூன்று ஷிஃப்ட்டிலும் பெண்கள் நிற்கிறார்கள். அவர்கள் தங்குவதற்காகவே வல்லம் வடகாலில் 18,720 படுக்கைகள் கொண்ட விடுதி வளாகத்தை மாநில அரசின் தொழிற்பூங்கா நிறுவனமான சிப்காட் கட்டி, 2024 ஆகஸ்டில் முதலமைச்சர் திறந்துவைத்தார். பிளஸ் டூவும் டிப்ளமோவும் படித்த பெண் இரவு இரண்டு மணிக்கு லைனில் நிற்கலாம். அதே லைனை மேற்பார்க்கும் ஷிஃப்ட் எஞ்சினியர் வேலைக்கு மட்டும் பி.இ. படித்த பெண் வரக் கூடாதா? ஆபரேட்டர்களை ஏற்றி வரும் பேருந்து ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அதில் இன்னும் ஒரு இருக்கை வேண்டும், அவ்வளவுதான். ஆபரேட்டராகப் பெண்கள் வேண்டும், அதிகாரியாக வேண்டாம் என்பதுதான் உண்மையான நிபந்தனை என்றால் நிறுவனம் அதை வாய்விட்டுச் சொல்லட்டும். இரவின் மேல் பழி போட வேண்டாம்.

சட்டமும் தடுக்கவில்லை. பெண்களை இரவில் ஆலையில் பணியமர்த்தத் தடை விதித்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 66(1)(பி) பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டு டிசம்பரிலேயே செல்லாது என்று அறிவித்துவிட்டது. போக்குவரத்து, பாதுகாப்பு, ஓய்வறை முதலிய நிபந்தனைகளையும் விதித்தது. இப்போது உங்கள் இறுதியாண்டில் இருக்கும் மாணவிகள் அன்று பிறக்கக்கூட இல்லை. மாறாக, சட்டம் தடுப்பது உங்கள் குழுவில் வரும் அந்த அறிவிப்பை. 1976-ஆம் ஆண்டுச் சம ஊதியச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, ஒரே வேலைக்கு ஆளெடுக்கும்போது பெண்களுக்குப் பாகுபாடு காட்டக் கூடாது என்றது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின் 3-ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. விலக்கு ஒன்றுதான்: அந்த வேலையில் பெண்களை அமர்த்துவதைச் சட்டமே தடுத்திருக்க வேண்டும். புரொடக்‌ஷன் எஞ்சினியர் வேலை அந்த வகையில் வராது. இது தனியார் ஆலைக்கும் பொருந்தும். ஸ்ரீபெரும்புதூர் ஐபோன் ஆலை ஒன்றில் திருமணமான பெண்களைச் சேர்ப்பதில்லை என்று 2024 ஜூனில் செய்தி வந்தபோது, மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் இந்த 5-ஆம் பிரிவைச் சுட்டித்தான் தமிழ்நாடு அரசிடம் அறிக்கை கேட்டது. செய்தியில் வந்ததற்கே அறிக்கை கேட்டார்கள். உங்கள் கல்லூரி முத்திரையோடு எழுத்தில் வந்தால்?

சில ஆலைகளில் உண்மையிலேயே சிக்கல் உண்டு, மறுக்கவில்லை. ஃபவுண்டரி, ஃபோர்ஜிங், ரீரோலிங் மில் போன்ற இடங்களில் லைனிலும் பெண்கள் இல்லை. கழிப்பறை நிர்வாகக் கட்டடத்தில் மட்டும் இருக்கும், ஷாப்பிலிருந்து போய்வரக் கால் மணி நேரம் ஆகும். அங்கே ஒரே ஒரு பெண்ணை அனுப்பினால் என்ன ஆகும் என்று பலமுறை பார்த்தாகிவிட்டது. குடிக்கும் தண்ணீரைக் குறைப்பாள், ஆறு மாதத்தில் உடம்பு கெடும், வருடத்துக்குள் ராஜினாமா. அடுத்த ஆண்டு அதே எச்.ஆர். வந்து "போன தடவை எடுத்தோம் சார், பொண்ணுங்க நிக்க மாட்டாங்க" என்பார். நின்றுபோனது பெண்ணால் அல்ல. இதற்கு வழி பெண்களையே தவிர்ப்பதல்ல. குறைந்தது இருவர், முடிந்தால் மூவராகச் சேர்ப்பது, ஷாப்புக்குள்ளேயே பெண்களுக்குத் தனிக் கழிப்பறை கேட்பது. பெண்களுக்குத் தனியாக, எளிதில் போய்வரும் இடத்தில் கழிப்பறை வேண்டும் என்றுதானே தொழிற்சாலைகள் சட்டத்தின் 19-ஆம் பிரிவு பல பத்தாண்டுகளாகச் சொல்லிவந்தது.

சிவிலில் நிலைமை வேறு மாதிரி. அங்கே பெண்களை எடுக்கிறார்கள். எடுத்து பில்லிங்கிலும் எஸ்டிமேஷனிலும் உட்கார வைக்கிறார்கள். பார் பெண்டிங் ஷெட்யூலை (கம்பிகளின் அளவுப் பட்டியலை) ஆபீஸில் போடுகிறவர், கம்பி கட்டிய பிறகு அதற்கு அடியில் இடைவெளி விடும் கவர் பிளாக் வைத்திருக்கிறார்களா, கம்பிகள் ஒன்றன்மேல் ஒன்று சேரும் லேப் லெங்த் சரியா என்று ஸ்லாபில் ஏறிப் பார்க்காவிட்டால் பத்து ஆண்டுகள் கழித்தும் பில்லிங் எஞ்சினியர்தான். புராஜெக்ட் மேனேஜர் ஆக சைட் அனுபவம் கேட்பார்கள். அது இருக்காது. இத்தனைக்கும் நிறுவனம் வடிகட்டாமல் தேர்வு வடிகட்டும் இடத்தில் கதை மாறுகிறது. டி.என்.பி.எஸ்.சி. எழுதி வந்த பெண் உதவிப் பொறியாளர்கள் பொதுப்பணித் துறையிலும் நெடுஞ்சாலைத் துறையிலும் சைட்டில் நிற்கிறார்கள். வலிமைச் சோதனைக்குக் காங்கிரீட் க்யூப் எடுக்கிறார்கள், 28-ஆம் நாள் முடிவு குறைந்தால் ஒப்பந்ததாரரிடம் சண்டை போடுகிறார்கள். அதே பாடத்திட்டம், அதே கல்லூரிகள்.

பெற்றோர் விடமாட்டார்கள் என்ற வாதமும் இருக்கிறது. பெற்றோர் கேட்பது மூன்றே கேள்வி: எங்கே தங்குவாள், இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து பத்து மணிக்கு எப்படித் திரும்புவாள், கூட வேறு பெண்கள் இருக்கிறார்களா. பதில் இல்லாத இடத்தில் "வேண்டாம்" என்பார்கள். பதில் இருக்கும் இடத்துக்கு அனுப்புவார்கள். பழைய மகாபலிபுரம் சாலைக்கும் பெங்களூருவுக்கும் இரவு கேபில் போய்வரும் வேலைக்கு மகளை அனுப்புகிறவர்களும் இதே பெற்றோர்தான். அந்த மூன்று பதில்களை நிறுவனத்திடமிருந்து வாங்கித் தருவது உங்கள் வேலை. விடுதியின் முகவரி, பேருந்து வழித்தடம், இப்போது அங்கே பணியிலிருக்கும் பெண் பொறியாளர்களின் எண்ணிக்கை.

உங்கள் பயம் எங்களுக்குப் புரிகிறது. மறுத்தால் அடுத்த ஆண்டு அந்த நிறுவனம் வராது, பக்கத்துக் கல்லூரிக்குப் போய்விடும், பிளேஸ்மென்ட் விழுக்காடு குறையும், நிர்வாகம் உங்களைக் கேட்கும். அதனால் சண்டை போடச் சொல்லவில்லை. ஒரு மின்னஞ்சல் போதும்: "தகுதியுள்ள அனைவரின் பட்டியலையும் பாலினம் குறிப்பிடாமல் பதிவு எண் வரிசையில் அனுப்புகிறோம். தேர்வு உங்கள் உரிமை. ஷிஃப்ட் நேரம், தங்குமிடம், போக்குவரத்து விவரங்களைத் தந்தால் அறிவிப்பில் சேர்ப்போம். பாலின வரம்பு அவசியம் என்று கருதினால், எந்தச் சட்டப் பிரிவின்படி என்பதை எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறோம்." கடைசி வரிக்கு எழுத்தில் பதில் தர விரும்பும் எச்.ஆர். அரிது. பல நேரங்களில் அந்த வரம்பு போன ஆண்டு டெம்ப்ளேட்டிலிருந்து நகலெடுத்ததாகத்தான் இருக்கும்.

முதல்வர்களுக்குத் தனியாக ஒன்று. கிண்டி பொறியியல் கல்லூரியில் 1940-இல் பெண்கள் சேர்ந்தது தானாக நடக்கவில்லை. அன்றைய முதல்வர் கே.சி. சாக்கோ சம்மதித்து அரசிடம் அனுமதி பெற்றதால் நடந்தது. அங்கே எலெக்ட்ரிக்கல் படித்த அ. லலிதா பின்னர் பக்ரா நங்கல் திட்டத்துக்கான மின் பணிகளில் பங்கெடுத்தார். சிவில் படித்த பி.கே. திரேசியா 1971-இல் கேரளத்தின் தலைமைப் பொறியாளர் ஆனார். அப்போதைய முதல்வரிடம் இருந்த அதிகாரத்தைவிட உங்களிடம் இன்று இருப்பது குறைவல்ல.

நாங்கள் கேட்பது இவை.

வரும் ஏழாம் செமஸ்டர் தொடங்கும் முன், பாலின வரம்புள்ள எந்த அறிவிப்பையும் கல்லூரி வெளியிடாது என்று முதல்வர் கையெழுத்தில் சுற்றறிக்கை வேண்டும். வாய்மொழியாகச் சொல்வதும் அதில் அடங்க வேண்டும். நிறுவனத்துக்குப் போகும் ஃபார்மிலிருந்து பாலினக் கட்டத்தை எடுத்துவிடுங்கள். கல்லூரியின் பதிவுக்காகத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

'ட்ரீம் ஆஃபர்' விதியில் ஒரு வரி சேருங்கள்: தான் படித்த பிரிவைச் சேர்ந்த வேலைக்கு, சம்பளம் எவ்வளவு என்றாலும், ஏற்கெனவே ஆஃபர் உள்ள மாணவர் ஒருமுறை விண்ணப்பிக்கலாம். இருபாலருக்கும்.

எச்.ஆர். ரவுண்டில் திருமணம், குழந்தை, பெற்றோர் சம்மதம் பற்றிக் கேட்கக் கூடாது என்று வளாகத்துக்கு வரும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் முன்கூட்டியே எழுத்தில் கொடுங்கள். மீறினால் மாணவிகள் யாரிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு பேராசிரியையின் பெயரை அறிவியுங்கள்.

துறைத் தலைவர்கள் ஒவ்வொரு புராஜெக்ட் குழுவிலும் யார் எந்தப் பாகத்தைச் செய்தார், யார் எந்தச் சோதனையை நடத்தினார் என்று பதிவேட்டில் எழுத வைக்க வேண்டும். ரிவ்யூவில் டாக்குமென்டேஷன் மட்டும் செய்தவருக்கு, அது ஆணோ பெண்ணோ, முழு மதிப்பெண் தரக் கூடாது. தரமணியிலுள்ள தொழிற்பழகுநர் பயிற்சி வாரியத்தின் மூலம் பட்டதாரிகளுக்குக் கிடைக்கும் ஓராண்டுப் பயிற்சி பற்றிய தகவலைப் பையன்களின் ஹாஸ்டல் குழுவில் மட்டும் போடுவதை நிறுத்துங்கள்.

கடைசியாக, எண்கள். கல்லூரிகளைத் தரவரிசைப்படுத்தும் மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப்.-க்கு நீங்கள் தரும் வேலைவாய்ப்பு அட்டவணையில் எத்தனை பேர் வேலை பெற்றார்கள், இடைநிலைச் சம்பளம் எவ்வளவு என்று இருக்கிறது. பிரிவும் பாலினமும் இல்லை. 92 விழுக்காடு பிளேஸ்மென்ட் என்ற பேனருக்குப் பின்னால் யார் எந்த வேலைக்குப் போனார் என்று யாருக்கும் தெரியாது. உங்கள் இணையதளத்தில் ஒவ்வொரு பிரிவுக்கும் ஆண், பெண் தனித்தனியாக ஐந்து எண்களைப் போடுங்கள்: தகுதி பெற்றவர், விண்ணப்பித்தவர், நேர்முகத்துக்கு அழைக்கப்பட்டவர், ஆஃபர் பெற்றவர், சேர்ந்தவர். கோர், ஐ.டி., மற்றவை என்று வேலையையும் பிரித்துக் காட்டுங்கள். தரவு எல்லாம் உங்கள் எக்செலிலேயே இருக்கிறது. கடந்த மூன்று ஆண்டுகளுக்கான அட்டவணையை இந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் வெளியிடும்படி கேட்கிறோம். வெளியிட முடியாத கல்லூரிகள், ஏன் முடியாது என்பதையாவது அதே பக்கத்தில் எழுதட்டும்.

இப்படிக்கு,
மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், சிவில் துறைகளின் ஆசிரியர்களும் பணியிலிருக்கும் பொறியாளர்களும்